ஹீட்டர் ஹோஸ்: 500 ரூபாயா, 6,400 ரூபாயா?

கேள்வி: வணக்கம் ஐயா. கோத்தகிரியில் இருந்து எழுதுகிறேன். சொந்தமாக ஒரு பிக்கப், நானேதான் ஓட்டுகிறேன். கேரட், முட்டைகோஸ் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கொண்டுபோவது தொழில். வண்டிக்கு வயது 8. போன வாரம் மலையேறி வரும்போது பானெட்டுக்குள் இருந்து ஒரே ஆவி. திறந்து பார்த்தால் ஹீட்டருக்குப் போகிற ஹோஸ் கிளிப் ஓரத்தில் உப்பி வெடித்திருக்கிறது. நான்கு மாதத்துக்கு முன்புதான் டவுனில் ஒரு கடையில் 'கம்பெனி ஒரிஜினல்' என்று 950 ரூபாய் கொடுத்து வாங்கிப் போட்டேன். பில் கேட்டேன், தரவில்லை. பணம் போனில்தான் அனுப்பினேன். இப்போது போய்க் கேட்டால், "ரப்பர் சாமானுக்கு யாருங்க கேரண்டி தருவாங்க" என்கிறார். சர்வீஸ் சென்டரில் இரண்டு ஹோஸ், கிளிப், கூலண்ட், லேபர் சேர்த்து 6,400 ரூபாய் எஸ்டிமேட். என் மெக்கானிக்கோ, "மீட்டர் கணக்குல வெட்டிக் குடுக்குற மீட்டர் ஹோஸ் வாங்கிட்டு வாங்க, 500 ரூபாயில முடிச்சிடலாம். இல்லன்னா ஹீட்டரையே கட் பண்ணிடலாம்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: ஹோஸ் வெடித்த பிறகு வண்டியை எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள் என்று எழுதவில்லையே. முதலில் அதைப் பாருங்கள். இன்ஜின் ஆறிய பிறகு ஆயில் கேஜை உருவிப் பார்த்து, ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் இந்த ஹோஸ் பஞ்சாயத்தை ஓரமாக வையுங்கள். ஹெட் கேஸ்கட் (இன்ஜினுக்கும் அதன் தலைப்பகுதிக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கலாம், அது வேறு கணக்கு. ஆயில் சுத்தமாக இருந்தால் மேலே படியுங்கள்.

ஹீட்டர் ஹோஸ் இரண்டு. ஒன்று இன்ஜினில் இருந்து சுடுதண்ணீரை டாஷ்போர்டுக்குப் பின்னால் குட்டி ரேடியேட்டர் போல இருக்கும் ஹீட்டர் கோருக்குக் கொண்டுபோகும், மற்றது திருப்பிக் கொண்டுவரும். சின்னக் குழாய்தானே என்று தோன்றும். ஆனால் ரேடியேட்டரில் ஓடுகிற அதே கூலண்ட் கலந்த தண்ணீர்தான் இதிலும் ஓடுகிறது. இது ஓட்டையானால் மொத்தத் தண்ணீரும் காலி.

மலை வண்டிக்கு இன்னொரு சங்கடம் உண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே வெறும் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கோத்தகிரி கொஞ்சம் கீழே, ஓரிரு டிகிரிதான் வித்தியாசம். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் ஏற்றத்தில் 100 டிகிரி தாண்டினாலும் கூலண்ட் கொதிக்காமல் நிற்கிறது. ஹோஸில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் அந்த அழுத்தம் நிற்காது. மேட்டுப்பாளையத்தில் ஒழுகிக்கொண்டே சமாளிக்கிற வண்டி, பாதி மலையில் கொதித்து நிற்பது இதனால்தான்.

சரி, எதை வாங்குவது? உங்கள் மெக்கானிக் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. ஹோஸ் நேராக ஓடுகிற வண்டியில் மீட்டர் ஹோஸ் தாராளமாகப் போடலாம். ஆனால் அது ஹீட்டருக்கென்றே செய்த, உள்ளே நூல் பின்னல் வைத்த ஈ.பி.டி.எம். (சூட்டையும் கூலண்டையும் தாங்கும் செயற்கை ரப்பர்) ஹோஸாக இருக்க வேண்டும். நல்ல ஹோஸில் அளவும் தரமும் நீளவாக்கில் அச்சடித்திருக்கும். கூலண்ட் ஹோஸுக்கான தரக்குறியான 'எஸ்.ஏ.இ. ஜே20' என்று இருந்தால் நம்பி வாங்கலாம். டீசல் ஹோஸ், காற்று ஹோஸ், வெல்டிங் கடை கேஸ் ட்யூப் எதுவும் வேண்டாம். டீசல் ஹோஸின் ரப்பர் டீசலைத் தாங்கும், சூடான கூலண்டை நெடுநாள் தாங்காது. இதை நான் புத்தகம் பார்த்துச் சொல்லவில்லை. ஒருமுறை குன்னூர் ரோட்டில் அவசரத்துக்கு டீசல் ஹோஸைச் செருகிக்கொண்டு வந்து, 'அப்புறம் மாற்றலாம்' என்று விட்டு, மூன்றாம் மாதம் அதே ரோட்டில் நின்றவன் நான்.

வளைவு இருக்கும் இடத்துக்கு மீட்டர் ஹோஸ் ஆகாது. வளைத்தால் மடிந்து தண்ணீர் ஓட்டத்தை நெரித்துவிடும். அங்கே அச்சில் வளைத்தே வார்த்த ஹோஸ்தான் சரி. பழைய ஹோஸைக் கையில் எடுத்துக்கொண்டு போய், உள் விட்டம் (பெரும்பாலும் 16 அல்லது 19 மில்லிமீட்டர்), வளைவு இரண்டையும் ஒப்பிட்டு வாங்குங்கள். பாக்கெட்டில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் இருக்க வேண்டும். ரப்பர் பாக்கெட்டுக்குள் இருந்தாலும் வயதாகும், அதனால் மாதமும் ஆண்டும் பார்க்காமல் வாங்காதீர்கள்.

இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று வெடித்தால் கூடப் பிறந்ததும் அதே வயதுதான்.

ஹீட்டரைக் கட் பண்ணுவது சமவெளியில் ஓடும் வண்டிக்குப் பரவாயில்லை. உங்களுக்கு வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை லோடு எடுக்கிறீர்கள். ஏ.சி. இல்லாத பிக்கப்பில் கண்ணாடியில் படியும் பனியை விரட்ட அந்த ஹீட்டரை விட்டால் துணி ஒன்றுதான். அவசரத்துக்குச் செய்தே ஆக வேண்டுமானால், இன்ஜின் பக்கத்து இரண்டு வாயையும் ஒரே ஹோஸால் இணைக்கச் சொல்லுங்கள். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறக்கும்வரை தண்ணீர் சுற்றுவது இந்த வழியில்தான், அடைத்தால் அது நின்றுவிடும்.

சர்வீஸ் சென்டர் 6,400 கேட்பது அநியாயமா என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. எஸ்டிமேட்டைப் பிரித்துக் கேளுங்கள்: ஹோஸ் எவ்வளவு, கிளிப் எவ்வளவு, கூலண்ட் எத்தனை லிட்டர், லேபர் எவ்வளவு. ஹோஸை மட்டும் அவர்கள் கவுண்டரில் பில்லோடு வாங்கி உங்கள் மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டிக்கொள்ள யாரும் தடை சொல்ல முடியாது. நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன். வாகன உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். பில்லில் 28 போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

இனி அந்தக் கடைக்காரர். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் அப்படியே. உங்களுக்கு அந்த 30 நாள் கடந்துவிட்டது. ஆனால் பொருளில் குறை, போலியை ஒரிஜினல் என்று விற்றார் என்ற புகாருக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. தொழிலுக்கு வண்டி வைத்திருப்பவர் நுகர்வோரா என்று கடைக்காரர் வக்கீல் போலப் பேசலாம். சொந்தப் பிழைப்புக்காகத் தானே உழைப்பவர் வாங்குவதை வணிக நோக்கம் என்று சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. பத்து வண்டி, பத்து டிரைவர் என்றால்தான் வழக்கு சிக்கலாகும்.

வெடித்த ஹோஸைத் தூக்கிப் போடாதீர்கள், பாக்கெட் இருந்தால் அதையும். பில் இல்லாவிட்டாலும், போனில் பணம் அனுப்பிய பதிவைச் சான்றாகக் காட்டலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகார் பதியலாம். 950 ரூபாய்க்கு நுகர்வோர் ஆணையத்தின் படியேறுவீர்களா என்பது உங்கள் விருப்பம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பெரும்பாலும் 1915-இல் புகார் பதிந்து, அதன் எண்ணோடு கடைக்குப் போனாலே பேச்சின் தோரணை மாறும்.

கேள்வி: ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். ஹீட்டர் ஹோஸை நானே மாற்றலாமா? - வால்பாறை வாசகர்

பதில்: மாற்றலாம். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு. கூலண்டைச் சுத்தமான பாத்திரத்தில் பிடியுங்கள். தரையில் விடாதீர்கள், இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், அது விஷம்.

எல்லோரும் தப்பு செய்யும் இடம் ஹீட்டர் கோர் பக்கம். ஹோஸ் ஒட்டிக்கொண்டு வராது, முறுக்கி இழுப்பார்கள், கோரின் மெல்லிய குழாய் வளைந்துவிடும். அப்புறம் டாஷ்போர்டையே கழற்ற வேண்டும். 500 ரூபாய் வேலை எங்கேயோ போய்விடும். ஹோஸ் எப்படியும் குப்பைக்குத்தான். பிளேடால் நீளவாக்கில் கீறித் தோலுரிப்பது போல எடுங்கள், குழாயில் கீறல் விழாமல்.

புது ஹோஸின் முனையைக் கூலண்டில் நனைத்தால் வழுக்கிக்கொண்டு ஏறும். கிரீஸ், ஆயில் தடவாதீர்கள், ஈ.பி.டி.எம். ரப்பர் எண்ணெய் பட்டால் ஊறி உப்பும். பழைய ஸ்பிரிங் கிளிப் விறைப்பாக இருந்தால் அதையே போடலாம். ஸ்க்ரூ கிளிப் என்றால் ரப்பர் பிதுங்கும்வரை முறுக்க வேண்டாம். கூலண்டைக் குழாய்த் தண்ணீரில் கலக்காமல் டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்து குமிழி நிற்கும்வரை ஐட்லிங்கில் விடுங்கள். காற்று மாட்டிக்கொண்டால் ஹீட்டரில் குளிர்காற்று வரும், டெம்பரேச்சர் முள் மேலும் கீழும் ஆடும்.

கேள்வி: இரண்டு ஹோஸும் புதுசு. இருந்தும் கால் வைக்கும் இடத்தில் ஈரம், இனிப்பு வாடை, கண்ணாடியில் எண்ணெய்ப் படலம். ஹோஸ் சரியில்லையா?

பதில்: ஹோஸைக் குறை சொல்லாதீர்கள். ஹீட்டர் கோரே ஒழுகுகிறது. மூன்றாவது ஹோஸ் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன், டாஷ்போர்டைக் கழற்றி மாட்ட லேபர் எவ்வளவு என்று இரண்டு ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக்கொள்ளுங்கள். கோரின் விலையைவிட அதுதான் அதிகமாக இருக்கும்.