ஆஸ்திரேலியக் குடிவரவுத் துறை: வாசகர் கேள்விகள் சில

கேள்வி: 1994-இல் அப்பாவுக்கு வந்த விசா கடிதத்தில் ‘குடிவரவு, இன விவகாரத் துறை’ என்று இருக்கிறது. எனக்கு வந்ததில் ‘உள்துறை’. இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றுதான், பலகைதான் வேறு. 1996-இல் பன்முகக் கலாச்சார விவகாரம் பெயரில் சேர்ந்தது, 2007-இல் குடியுரிமை வந்தது, 2013-இல் அதை எடுத்துவிட்டு எல்லைப் பாதுகாப்பை வைத்தார்கள், 2017 டிசம்பரில் எல்லாம் உள்துறைக்குள் போய்விட்டது. ஆட்சியில் இருப்பவர்கள் புதிதாக வருபவர்களை எந்தக் கண்ணோடு பார்க்கிறார்கள் என்று அறிய இந்தப் பெயர்ப் பட்டியலே போதும் என்பேன். விசாவுக்கு அடிப்படைச் சட்டம் மட்டும் இன்றும் 1958-இன் குடிபெயர்வுச் சட்டமேதான், எத்தனையோ திருத்தங்களோடு.

கேள்வி: 1945-க்கு முன்னால் இந்த வேலையை யார் பார்த்தார்கள்?

குடிவரவுக்கென்று தனித் துறை 1945-இல்தான் வந்தது, அதற்கு முன் இல்லை. வெளியுறவு, உள்நாடு என்று வேறு துறைகளின் கீழ் ஒரு பிரிவாக இருந்தது, அதன் முக்கிய வேலையே ஆட்களை உள்ளே விடாமல் தடுப்பதுதான். 1901-இன் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அதிகாரி ஏதோ ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களை வாசிப்பார், வந்தவர் பிழையில்லாமல் எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம், ஆகவே வேண்டாதவர் தேறவே முடியாது. 1934-இல் எகான் கிஷ் என்ற பத்திரிகையாளர் வந்தபோது, மனிதருக்குப் பல மொழி தெரியும் என்பதால், ஸ்காட்லாந்தின் பழைய மொழியான ஸ்காட்டிஷ் கேலிக்கில் எழுதச் சொன்னார்கள்! இந்தச் சட்டத்தின் கணக்கில் அது ஐரோப்பிய மொழியே ஆகாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஸ்காட்லாந்துக்காரர்கள் கொதித்துப் போனார்கள். அந்தத் தேர்வு 1958-இல்தான் ஒழிந்தது.

கேள்வி: அப்படித் தடுத்தவர்கள் திடீரென ஏன் ஆள் தேடினார்கள்?

போர் பயம். எழுபது லட்சத்துச் சொச்சம் பேரை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய கண்டத்தைக் காப்பது எப்படி என்ற கவலையில் 1945 ஜூலையில் பிரதமர் சிஃப்லியின் அரசு தனித் துறை தொடங்கியது, அதற்கு முதலில் அமைச்சரானவர் ஆர்தர் கால்வெல். பிரிட்டிஷ்காரர் 10 பவுண்டு கட்டினால் கப்பலேறலாம், ஆனால் இரண்டு வருடம் தங்காமல் திரும்பினால் பயணச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஐரோப்பாவில் போரில் வீடிழந்தவர்களோ அரசு காட்டிய வேலையை இரண்டு வருடம் செய்ய வேண்டும், அது அணை கட்டுவதாக இருந்தாலும் சரி. விக்டோரியாவின் பொனெகில்லா முகாம் வழியாக மட்டும் 1947 முதல் 1971 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். ஆசியர்களுக்கு அப்போதும் கதவு ஏறக்குறைய மூடித்தான் இருந்தது. கால்வெல் அதில் விட்டுக்கொடுக்காதவர். 1966-இல் ஹோல்ட் அரசு கொஞ்சம் திறந்தது, 1973-இல் விட்லம் அரசு முழுதாகத் திறந்தது.

கேள்வி: நடுவில் துறையையே மூடிவிட்டார்களாமே?

ஆமாம், 1974-இல் அதே விட்லம் அரசு. தொழிலாளர் துறையோடு சேர்த்துவிட்டார்கள். வெள்ளையரை மட்டும் உள்ளே விட விரும்பிய பழைய ‘வெள்ளை ஆஸ்திரேலியா’ கொள்கையில் ஊறிப்போன அதிகாரிகள்மேல் நம்பிக்கை இல்லாததும் ஒரு காரணம் என்பார்கள். அடுத்த வருடக் கடைசியில் வந்த ஃப்ரேசர் அரசு தனித் துறையைத் திரும்பக் கொண்டுவந்தது.

கேள்வி: அடைக்கலம் தேடிப் படகில் வருபவர்களைக் கட்டாயமாக அடைத்து வைப்பது பிரதமராக இருந்த ஹோவர்ட் தொடங்கியதுதானே?

இல்லை. 1992-இல், அவருக்கு முன் பிரதமராக இருந்த கீட்டிங்கின் லேபர் கட்சி அரசு. ஹோவர்ட் 2001-இல் அவர்களை நவுரு என்ற பசிபிக் தீவு நாட்டுக்கும் பப்புவா நியூ கினியின் மானுஸ் தீவுக்கும் அனுப்பத் தொடங்கினார், அது வேறு கதை.