வந்த வழியே திரும்பிப் போகாதீர்கள்: குறுஞ்செய்தி மோசடி பற்றிக் கேள்வி பதில்

வங்கி ஒன்றின் புகார்ப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். பணத்தைப் பறிகொடுத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தவர்களில் ஏமாளி என்று சொல்லத்தக்கவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலோர் அவசரப்படுத்தப்பட்டவர்கள், அவ்வளவுதான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, வங்கியிலிருந்து வழக்கமாக வரும் செய்திகளுக்குக் கீழேயே, அதே பெயரில், "இன்றிரவு உங்கள் கணக்கு முடக்கப்படும்" என்று ஒரு செய்தி வந்தது. அதே பெயர் என்றால் வங்கிதானே அனுப்பியிருக்க வேண்டும்?

பதில்: அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. செய்திகளைப் பெயர் பார்த்து அடுக்குவது உங்கள் கைபேசி. அந்தப் பெயரோ, அனுப்புகிறவர் நிரப்பும் 11 எழுத்து வரையிலான ஒரு கட்டம். கடித உறையின் பின்பக்கம் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா, அதுபோலத்தான். முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பரில் போனது. அனுப்புகிறவர் யார் என்று உறுதிசெய்யும் ஏற்பாட்டை அந்த அமைப்பில் யாரும் வைக்கவில்லை. சில நாடுகளில் பெயர்களைப் பதிவுசெய்யச் சொல்கிறார்கள். அதனால் மோசடி சற்றுக் கடினமாகிறது, நின்றுவிடவில்லை.

கைபேசிக் கோபுரம் போல நடிக்கும் போலிக் கருவியைக் காரில் வைத்துக்கொண்டு சுற்றுகிறவர்களும் உண்டு. அது அக்கம்பக்கத்துக் கைபேசிகளைப் பழைய 2ஜி அலைவரிசைக்கு இழுத்து, நேரடியாகச் செய்தியைத் திணிக்கும். 2ஜியில் கைபேசி தன்னைக் கோபுரத்திடம் நிரூபிக்க வேண்டும். கோபுரம் கைபேசியிடம் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. புதிய ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் 2ஜியை அணைக்க அமைப்புகளில் இடம் இருக்கிறது. அணைத்துவிடுங்கள்.

கேள்வி: இணைப்பில் வங்கியின் பெயர் இருக்கிறது. திறந்தால் பூட்டுப் படமும் தெரிகிறது. இதற்கு மேல் என்ன பார்ப்பது?

பதில்: பூட்டுக்கு நாம் தேவைக்கு மேல் மரியாதை கொடுத்துவிட்டோம். நீங்கள் அனுப்புவதை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். மறுமுனையில் திருடன் உட்கார்ந்திருந்தால், அவனிடம் அது பத்திரமாகப் போய்ச் சேரும். மக்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் குரோம் உலாவி 2023இல் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

முகவரியை வலமிருந்து படியுங்கள். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். "உங்கள்வங்கி.காம்.சரிபார்ப்பு.இன்ஃபோ" என்றிருந்தால் அது "சரிபார்ப்பு.இன்ஃபோ" என்பவனின் வீடு; முன்னால் இருக்கும் வங்கிப் பெயர் வாசலில் கட்டிய தோரணம். உருவம் ஒத்த வேற்றுமொழி எழுத்தைச் செருகுகிறவர்களும் இருப்பதால் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். கடவுச்சொல் மேலாளர் செயலி வைத்திருந்தால், போலி முகவரியில் அது தானாகக் கடவுச்சொல்லை நிரப்பாது. அது நிரப்ப மறுத்தால் நீங்களும் நிரப்பாதீர்கள்.

இதைவிட எளிது, செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல் வங்கியின் செயலியை நீங்களே திறந்து பார்ப்பது. சிக்கல் உண்மையானால் அங்கேயும் தெரியும்.

கேள்வி: வங்கி அதிகாரி என்று பேசியவர், "உங்கள் கணக்கிலிருந்து யாரோ பணம் எடுக்கிறார்கள், நிறுத்த வேண்டும், ஓடிபி சொல்லுங்கள்" என்றார். பதறிப்போய்ச் சொல்லிவிட்டேன். என் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள்கூட அவருக்குத் தெரிந்திருந்தனவே?

பதில்: எங்கோ கசிந்த பட்டியலில் அவை கிடைத்திருக்கும். அந்த நேரத்தில் மறுமுனையில் நடந்ததைச் சொல்கிறேன். அவன் உங்கள் கடவுச்சொல்லோடு வங்கித் தளத்தில் ஏற்கெனவே நுழைந்திருக்கிறான். பணம் அனுப்பு என்று அழுத்துகிறான். உடனே உங்களுக்கு ஓடிபி வருகிறது. "இதோ வந்திருக்கும் பாருங்கள்" என்கிறான். வந்துவிட்டதால் நம்புகிறீர்கள், அதை வரவழைத்ததே அவன்தான்.

ஒருவர் தம் கைபேசியை என் மேசையில் வைத்து அந்தச் செய்தியைக் காட்டினார். "புதிய பெறுநரைச் சேர்க்க" என்றிருந்தது. "யாரிடமும் பகிர வேண்டாம்" என்றும் இருந்தது. அவர் கண் ஆறு இலக்கங்களுக்கு மட்டுமே போயிருக்கிறது. சுற்றியிருந்த சொற்களை என் எதிரில்தான் முதன்முறையாகப் படித்தார். இலக்கங்களுக்கு முன் சொற்களைப் படியுங்கள். ஒரு பரிவர்த்தனையை நிறுத்த வங்கிக்கு உங்கள் ஓடிபி தேவையில்லை.

கேள்வி: நான் விற்கும் பொருளை வாங்க வந்தவர், பணம் பெறுவதற்குப் பணம் அனுப்பும் செயலியில் என் ரகசிய எண்ணை அழுத்தச் சொல்கிறார்.

பதில்: அழுத்தாதீர்கள். அது பணம் கொடுப்பதற்கான ஒப்புதல்.

கேள்வி: நேற்று மதியத்திலிருந்து என் கைபேசியில் சிக்னலே இல்லை. பக்கத்தில் இருப்பவர்களுக்கு இருக்கிறது.

பதில்: இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே வேறொரு கைபேசியிலிருந்து தொலைபேசி நிறுவனத்தை அழையுங்கள். உங்கள் எண்ணுக்கு வேறு யாராவது புதிய சிம் வாங்கியிருக்கலாம். அப்படியானால் உங்கள் ஓடிபிகள் எல்லாம் அவரிடம் போகும். அடுத்து வங்கியை அழைத்து இணையப் பரிமாற்றத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

பிறகு, வங்கி அனுமதித்தால் குறுஞ்செய்தி ஓடிபியை விட்டு, 30 வினாடிக்கு ஒருமுறை மாறும் எண்ணைத் தரும் செயலிக்கு மாறுங்கள். பாஸ்கீ, அதாவது கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைபேசியைத் திறக்கும் முறையைக் கொண்டே நுழையும் வசதி, இருந்தால் இன்னும் நல்லது. அது உண்மையான தள முகவரியோடு பிணைக்கப்பட்டது. போலித் தளத்துக்குக் கொடுக்க நீங்கள் நினைத்தாலும் கொடுக்க முடியாது.

கேள்வி: அப்பா நேற்றிரவு பெருந்தொகை இழந்துவிட்டார். காலையில்தான் சொன்னார். இனி ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியலாம். போன பணம் ஒரே கணக்கில் தங்காது; கைமாறிக்கொண்டே போகும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு எங்காவது அது முடக்கப்பட வாய்ப்புண்டு. அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணை அழையுங்கள். இணையத்தில் தேடிக் கிடைக்கும் எண்ணை வேண்டாம், அதிலும் போலிகள் உண்டு. புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்துக்கொண்டு, காவல்துறையிலும் புகார் கொடுங்கள். வெட்கத்தில் அப்பா அந்தச் செய்திகளை அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். யாராவது சொல்லி அவர் செயலி எதையாவது நிறுவியிருந்தால், அந்தக் கைபேசியின் இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறு கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

சில வாரங்களில் "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் முதலில்" என்று யாராவது அழைக்கக்கூடும். அது இரண்டாவது கொள்ளை.

அவரைத் திட்டினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. திட்டியிருந்தால் அடுத்த முறை காலையில்கூடச் சொல்ல மாட்டார்.

கேள்வி: எனக்கு வந்த செய்தியில் இணைப்பே இல்லை. "அம்மா, என் கைபேசி உடைந்துவிட்டது, இது புது எண். அவசரமாகப் பணம் வேண்டும்" என்று மட்டும் இருந்தது. மகன் வெளியூரில் இருக்கிறான்.

பதில்: அம்மா, அவனுடைய பழைய எண்ணுக்கு அழையுங்கள். பெரும்பாலும் மணி அடிக்கும், அவனே எடுப்பான்.