பார்லி இல்லாமல் பியரின் ருசி: கேள்வி பதில்

கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாதவர்கள் பியருக்குப் பதில் எதைக் குடிக்கலாம் என்று திருகோணமலைப் பக்கமிருந்து வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

உவர்மலை: பியர் குடித்தால் வயிறு ஊதுகிறது. குளூட்டனை நிறுத்திப் பார்க்கட்டுமா?

நிறுத்தாதீர்கள், முதலில் பரிசோதியுங்கள். சீலியாக் என்பது குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய். அதற்கான இரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்தால்தான் சரியாகக் காட்டும். சில வாரம் விட்டுவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். பாணும் பராட்டாவும் ஒன்றும் செய்யாமல் பியர் மட்டும் ஊதவைத்தால், முதலில் அதன் வாயுவைச் சந்தேகியுங்கள்.

நிலாவெளி, ஹோட்டல் ஊழியர்: அரிசி சேர்த்த பியர், மதுசாரம் இல்லாத பியர் இரண்டையும் குளூட்டன் ஒத்துக்கொள்ளாத விருந்தினருக்குக் கொடுக்கலாமா அண்ணா?

இரண்டும் வேண்டாம் தம்பி. பட்வைசர் போன்றவற்றில் அரிசி இருந்தாலும் பார்லி மோல்ட்டும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) இருக்கிறது. மதுசாரம் இல்லாத பியரும் பெரும்பாலும் அதே பார்லிதான், மதுசாரத்தை மட்டும் எடுத்துவிடுகிறார்கள். வைன், ஆப்பிள் சைடர், தென்னஞ் சாராயம் கொடுக்கலாம். வடித்தெடுக்கும்போது புரதம் ஆவியோடு போவதில்லை என்பதால் தானியத்தில் வடித்த மதுவிலும் குளூட்டன் வராது. சைடர் லேபிளில் மட்டும் மோல்ட் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

குடிவகையை விட அதோடு கொறிக்கும் பைட்ஸில்தான் அதிகம் தவறு நடக்கிறது. சோயா சோஸில் கோதுமை உண்டு, ஆகவே டெவல்ட் வகை எதுவும் கூடாது. ஹொட் பட்டர் கணவாய்க்குப் பிரட்டும் மாவில் கோதுமை மா கலப்பார்கள். தனி எண்ணெயில் பொரித்த மரவள்ளிச் சீவல், அவித்த கடலை, மிளகாயும் உப்பும் தூவிய அன்னாசி ஆகியவற்றைக் கொடுங்கள்.

ஒரு வாசகி: கனடாவிலிருந்து வரும் அண்ணன் குளூட்டன் இல்லாத பியர் கொண்டுவருகிறாராம். எதை வாங்கச் சொல்ல?

டின்னில் சேர்மானப் பட்டியலை வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு வகை தொடக்கத்திலிருந்தே பார்லி இல்லாதது: மொன்றியலின் குளூட்டன்பர்க் தினை வகைகளில் காய்ச்சுவது, அமெரிக்காவின் ரெட்பிரிட்ஜ் இறுங்கில் காய்ச்சுவது. மற்ற வகை பார்லியில் காய்ச்சி, நொதியத்தால் குளூட்டனைத் துண்டாக்கியது. ஸ்பெயினின் டவுரா, அமெரிக்காவின் ஒமிஷன் அப்படி. பத்து இலட்சத்தில் 20 பங்குக்குக் குறைவு என்று எழுதியிருந்தாலும், துண்டான புரதத்தை வழக்கமான பரிசோதனை சரியாக அளப்பதில்லை. சீலியாக் உள்ளவர் முதல் வகையோடு நிற்பதே நல்லது.

பாலையூற்று: கடையில் ஒன்றும் கிடைக்கவில்லை. வீட்டில் என்ன செய்யலாம்?

பியரில் உங்களுக்குப் பிடித்தது எது என்று யோசியுங்கள். நுரையா, கசப்பா, வறுத்த வாசனையா? அந்த ஒன்றைச் செய்தால் திருப்தி வரும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிரதி எடுக்கப் போனால் ஒன்றும் சரிவராது.

உறைப்பும் வாயுவும் வேண்டுமென்றால் இஞ்சி. 1.5 லீற்றர் பிளாஸ்டிக் சோடாப் போத்தலுக்கு இஞ்சி 80 கிராம், சீனி 120 கிராம், தேசிக்காய் 2, தண்ணீர் ஒன்றேகால் லீற்றர். இஞ்சியைத் தட்டி, சீனியோடு பாதித் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, கொதித்து ஆறிய மீதித் தண்ணீரை ஊற்றி வடியுங்கள். கை வைத்தால் சூடு தெரியாத பதத்தில் தேசிப்புளியும் பாண் போடும் யீஸ்ட் அரைக்கால் தேக்கரண்டியும் சேருங்கள். சூட்டில் போட்டால் யீஸ்ட் செத்துவிடும், வாயு வராது.

போத்தலில் நாலு விரல் இடம் விட்டு மூடுங்கள். கச்சான் அடிக்கும் ஆடி மாதத்தில் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் போதும், மார்கழி மழையில் ஒரு நாள் எடுக்கும். கடிகாரத்தை விட விரலை நம்புங்கள்: அமத்தினால் பள்ளம் விழாமல் கல்லுப்போல இருந்தால் உடனே பிரிட்ஜில் வையுங்கள். மறந்தால் வெடிக்கும். கண்ணாடிப் போத்தல் ஒருபோதும் வேண்டாம். குளிர்ந்தபின் அடியில் படியும் வெள்ளை மண்டியைக் கலக்காமல் ஊற்றினால் யீஸ்ட் மணம் குறையும். நாலு நாளுக்குள் குடித்துவிடுங்கள்.

கசப்புக்கு, காய்ந்த வேப்பம்பூ ஒரு தேக்கரண்டியை ஒரு கோப்பை வெந்நீரில் 5 நிமிடம் ஊறவிட்டு வடித்து, குடிக்கும்போது கிளாஸுக்கு இரண்டு தேக்கரண்டி விடுங்கள். அதிக நேரம் ஊறினால் கசப்பு நாக்கிலேயே நிற்கும். கர்ப்பிணிகள், கீழே சொல்லும் யீஸ்ட் போடாத வகையில், வேப்பம்பூவுக்குப் பதில் தோடம்பழத் தோல் போடலாம்.

கிண்ணியா: யீஸ்ட் போட்டால் மதுசாரம் வருமா?

வரும். யீஸ்ட் சீனியைத் தின்று வாயுவையும் மதுசாரத்தையும் ஏறக்குறைய சம எடையில் தருகிறது. போத்தல் இறுகும்போது ஒரு சதவீதத்துக்கு உள்ளே மதுசாரம் இருக்கும், பிரிட்ஜில் வைக்காமல் வெளியே விட்டால் கூடும். அனுமதியின்றி வீட்டில் மது காய்ச்சுவது சட்டப்படி குற்றம் என்பதையும் மனதில் வையுங்கள். மதுசாரம் அறவே வேண்டாதவர்கள் யீஸ்டை விட்டுவிட்டு, அதே இஞ்சிப் பாணியை அரை லீற்றர் தண்ணீரில் கெட்டியாகக் காய்ச்சி, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு குளிர்ந்த வெறும் சோடா சேருங்கள். நுரைக்கு, கிளாஸுக்கு 50 மில்லிலீற்றர் அன்னாசிச் சாற்றைப் போத்தலில் போட்டு நன்றாகக் குலுக்கி மேலே ஊற்றுங்கள். பார்லி நுரைபோல் நெடுநேரம் நிற்காது, ஆனால் முதல் மிடறுக்கு உதட்டில் ஒட்டும்.

மூதூர்: ஸ்டவுட் என்ற கறுப்பு பியரின் கருகிய ருசிக்கு என்ன வழி?

குரக்கன். முழுத் தானியம் 60 கிராமைக் கழுவி உலர்த்தி, சட்டியில் கோப்பிக்கொட்டை நிறம் வரும்வரை சிறு நெருப்பில் கிண்டுங்கள். புகை கிளம்பத் தொடங்கியதும் இறக்கி வேறு தட்டில் கொட்டுங்கள், சட்டிச் சூடே மீதியைக் கரியாக்கிவிடும். ஒரு லீற்றர் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டுத் துணியில் வடித்து, பனங்கட்டி 60 கிராமும் உப்பு ஒரு சிட்டிகையும் கரைத்துக் குளிரவிட்டு, சம அளவு சோடாவோடு குடியுங்கள். அரைத்துப் போட்டால் கூழாகிவிடும். மில்லில் அரைத்த மாவையும் வாங்காதீர்கள், அதே கல்லில் கோதுமையும் ஓடியிருக்கும்.

சம்பூர்: அப்படியென்றால் கள்ளு?

பனங்கள்ளு, தென்னங்கள்ளு இரண்டிலும் குளூட்டன் இல்லை. மெல்லிய புளிப்பு, சின்ன நுரை, பியரின் அளவிலான மதுசாரம் என்று எல்லாமே கிட்ட வரும். அனுமதி பெற்ற இடத்தில் காலையில் இறக்கியதை அன்றே குடியுங்கள். வெயிலில் மாலைக்குள் புளித்துவிடும், அடுத்த நாள் வினாகிரிப் பக்கம் போய்விடும். போதை வேண்டாதவர்களுக்குச் சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கும் கருப்பநீர் இருக்கிறது.

தம்பலகாமம்: பிள்ளைக்கும் சீலியாக். மைலோ, நெஸ்டோமோல்ட் பரவாயில்லையா?

இல்லை, இரண்டிலும் மோல்ட் உண்டு. பாலில் கொக்கோவும் பனங்கட்டியும் கரைத்துக் கொடுங்கள்.