பாதியில் விட்டாரா மாயா மூர்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விளையாட்டு வீராங்கனைகள் ஓய்வு பெறுவது பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். அதில் அமெரிக்க பாஸ்கெட்பால் வீராங்கனை மாயா மூர் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி: ‘மாயா மூர் தன் ஆட்டத்தை முடித்துக்கொண்டு போனவர்.’ எனக்கு அது ஒப்பவில்லை.

என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், பள்ளி அணியில் பாஸ்கெட்பால் ஆடுகிறாள். அவள் மேசைக்கு மேலே ஒட்டியிருப்பது மாயா மூர் படம்தான். அவள் சொல்லித்தான் எனக்கு அந்தப் பெயரே தெரியும். 29 வயதில், யாரும் போகச் சொல்லாதபோது, ஒரு கைதியின் வழக்குக்காக ஆட்டத்தை விட்டாராம். பிறகு அவரையே கல்யாணமும் செய்துகொண்டாராம். கதையாகக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தினமும் காலை ஐந்தரைக்கு மகளை வண்டியில் மைதானத்தில் கொண்டுபோய் விடுகிறவள் நான். இவ்வளவு பாடுபட்டு உச்சிக்குப் போய், அங்கிருந்து இறங்கிவிடுவதைத் தியாகம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. இன்னும் ஐந்தாறு வருடம் ஆடியிருக்கலாமே. இது பாதியில் விட்டதுதானே?

எஸ்.ஆர்.,
கோவை

அன்புள்ள எஸ்.ஆர்.,

போகிறபோக்கில் எழுதியது என் பிழை. ஒரு வரியில் சொல்லித் தாண்டிப் போகிற விஷயம் இல்லை அது. ஆனால் அந்த வரியை மாற்றப்போவதில்லை.

தியாகம் என்ற சொல் உங்களுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை, காரணம் வேறு. நம் ஊரில் ஒருவர் எதையாவது விட்டுவிட்டார் என்றால் போதும், விட்டது என்ன என்று பார்க்காமலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிடுவோம். மாயா மூர் கதையைச் சொல்கிறவர்களும் வழக்கு, விடுதலை, கல்யாணம் என்று மூன்றையும் விரிவாகச் சொல்லி, ஆட்டத்துக்கு அரை வரி ஒதுக்குகிறார்கள். எனக்கு அவர் முதலில் ஆட்டக்காரர். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

மிசௌரி மாநிலத்தின் தலைநகர் ஜெஃபர்சன் சிட்டியில் 1989இல் பிறந்தார். அம்மா கேத்ரின் தனியாக வளர்த்த பிள்ளை. மூன்று வயதில் வீட்டுக் கதவில் மாட்டிய பொம்மை வளையத்தில் பந்து போடத் தொடங்கினார். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் ஆடினார். அந்த நான்கு வருடத்தில் அவருடைய அணி வென்றது 150 ஆட்டம், தோற்றது நான்கு. இடையில் தொடர்ந்து 90 ஆட்டம் தோல்வியே இல்லை. பயிற்சியாளர் ஜீனோ ஆரியம்மா கறாரானவர், சரிதான். ஆனால் அத்தனை நாள் ஒரு அணி அசராமல் ஆட வேண்டுமென்றால் களத்துக்குள்ளேயே ஒரு ஆள் வேண்டும், எந்த ஆட்டத்தையும் சின்ன ஆட்டமாக எடுத்துக்கொள்ளாத ஆள்.

இனி ஒரு காலண்டரைப் பாருங்கள். 2011 ஏப்ரல் முதல் வாரத்தில் கல்லூரிப் போட்டியின் அரையிறுதியில் தோற்கிறார். அடுத்த வாரமே அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யூஎன்பிஏவுக்கு அணிகள் ஆள் எடுக்கும் தேர்வில் முதல் ஆளாக மினசோட்டா லிங்க்ஸ் அணி அவரை எடுக்கிறது. ஜூனில் சீசன் தொடக்கம், அக்டோபரில் கோப்பை. மூச்சு வாங்கக்கூட நேரமில்லாமல் ஸ்பெயினின் வலென்சியா. அங்கே ஆடி ஐரோப்பிய லீக் கோப்பை. 2012 கோடையில் லண்டன் ஒலிம்பிக், தங்கம். அக்டோபரில் மறுபடி லிங்க்ஸ் அணிக்காக இறுதிப் போட்டி, இந்தத் தடவை தோல்வி. அது முடிந்ததும் சீனா, ஷான்சி அணி. இது ஒன்றரை வருடக் கணக்கு. சீனாவில் மட்டும் தொடர்ந்து மூன்று குளிர்காலம் ஆடி மூன்று தடவையும் கோப்பை வாங்கினார்.

ஏன் இப்படி ஓட வேண்டும்? சம்பளம்தான். அமெரிக்காவில் பெண்கள் லீக் கோடையில் நான்கைந்து மாதம். 2019இல்கூட அதன் உச்ச சம்பளம் சுமார் 1,17,000 டாலர். ஆண்கள் லீக்கில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரே அதைப்போலப் பல மடங்கு வாங்குவார். ஆகவே அப்போது நல்ல ஆட்டக்காரிகள் பலரும் குளிர்காலத்துக்கு ரஷ்யா, துருக்கி, சீனா என்று கிளம்பிவிடுவார்கள். டயானா டௌராசிக்கு 2015இல் ரஷ்ய அணி ஒன்று பணம் கொடுத்து, ‘கோடையில் உங்கள் ஊரில் ஆட வேண்டாம், ஓய்வெடுங்கள்’ என்று சொன்னது. அவரும் அந்த அமெரிக்க சீசனை ஆடவில்லை. உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரிக்கு ஓய்வெடுக்கவே காசு கொடுக்க ஆள் இருந்தது, ஆடுவதற்கு அவள் ஊரில் இல்லை.

உங்கள் மகள் நாளைக்கு ரயில்வே அணிக்கோ வங்கி அணிக்கோ போனால் அங்கே ஆட்டம் வேலையைக் கொடுக்கும், முட்டி போன பிறகும் வேலை இருக்கும். சென்னையின் அனிதா பால்துரை அப்படித் தெற்கு ரயில்வேயில் இருந்துகொண்டே பல வருடம் இந்திய அணிக்கு ஆடியவர், 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர். மாயா மூருக்கு அந்த வசதி கிடையாது. அங்கே ஆட்டமேதான் வேலை. 29 வயது என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். அவருடைய முட்டியும் கணுக்காலும் வேறு கணக்கு வைத்திருக்கும்.

லிங்க்ஸில் ஆடிய எட்டு சீசனில் என்ன செய்தார் என்று கேட்டால், செய்யாதது என்ன என்று தேட வேண்டியிருக்கிறது. 2011, 2013, 2015, 2017 என நான்கு கோப்பை. 2014இல் லீக்கின் மிகச்சிறந்த வீராங்கனை விருது. அந்த வருடம் ஜூலையில் அட்லாண்டாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 48 புள்ளி. 2016இல் ரியோவிலும் தங்கம். அணியில் கூட ஆடியவர்கள் லிண்ட்சே வேலன், சிமோன் அகஸ்டஸ், ரெபெக்கா பிரன்சன், பிறகு சில்வியா ஃபௌல்ஸ். தனியாகத் தூக்கிச் சுமந்தார் என்று சொல்ல மாட்டேன், அப்படிப்பட்ட அணி அது.

ஆனால் 2015 இறுதிப் போட்டியின் மூன்றாவது ஆட்டம் அவருடையது. எதிரணி இண்டியானாவின் ஊரில், இண்டியானா கூட்டத்துக்கு முன்னால். 77–77. கடிகாரத்தில் மீதி 1.7 நொடி. அந்த நேரத்தில் பந்து கைக்கு வந்தால் நாமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வளையத்தைப் பார்த்து வீசுவோம். அவர் வாங்கினார், எறியப்போவதுபோல் தோளைத் தூக்கிக் காட்டினார், தடுக்க வந்தவர் அதை நம்பி மேலே எழும்பினார், இவர் ஒரு தட்டு தட்டி நகர்ந்து, காலை ஊன்றி, அப்புறம்தான் எறிந்தார். மூன்று புள்ளி. 80–77. ஒன்றேமுக்கால் நொடிகூட இல்லாத இடத்தில் ஒரு ஏமாற்று வேலைக்கு நேரம் ஒதுக்க முடியும் என்று நினைக்கிற மனசு இருக்கிறதே, அதற்காகத்தான் நான் அவரைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இப்போது வழக்குக்கு வருகிறேன். அந்தக் கைதியின் பெயர் ஜோனதன் அயர்ன்ஸ். 1997இல் மிசௌரியில் ஒரு வீட்டில் திருட வந்தவன் வீட்டுக்காரரைச் சுட்டான். அவர் பிழைத்துக்கொண்டார். பிடிபட்டது 16 வயது கறுப்பினப் பையன். முழுக்க வெள்ளையர்களே இருந்த ஜூரி, 50 வருடத் தண்டனை. வீட்டுக்காரர் நீதிமன்றத்தில் அடையாளம் காட்டினார் என்பதைத் தவிர, சம்பவ இடத்தோடு அந்தப் பையனைப் பிணைக்கும் கைரேகையோ ரத்தமோ எதுவுமில்லை. கதவில் கிடைத்த கைரேகை ஒன்று பையனுடையதும் இல்லை, வீட்டுக்காரருடையதும் இல்லை. அதைச் சொல்லும் அறிக்கை பையனின் வழக்கறிஞர் கைக்கு வரவே இல்லை.

மாயா மூர் அயர்ன்ஸை முதலில் சந்தித்தது 2007இல், கல்லூரியில் சேர்வதற்கு முன்னால். சிறை ஊழியத்துக்குப் போய்வந்த உறவினர்கள் மூலம் ஏற்பட்ட பழக்கம். வருடத்தைக் கவனியுங்கள். 90 ஆட்ட வெற்றி, நான்கு கோப்பை, இரண்டு ஒலிம்பிக் எல்லாமே அந்தச் சந்திப்புக்குப் பிறகு வந்தவை. ஒருநாள் திடீரென்று மனம் மாறி ஆட்டத்தை உதறிவிட்டுக் கிளம்பிப் போன ஆள் இல்லை இவர். பன்னிரண்டு வருடம் இரண்டையும் ஒன்றாக வைத்திருந்தவர். நடுவில் 2016 ஜூலையில், போலீஸ் சுட்டுக் கறுப்பினத்தவர் இருவர் இறந்தபோது, அவரும் சக கேப்டன்களும் அந்தப் பெயர்களைத் தாங்கிய கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஆட்டத்துக்கு முன் களத்தில் நின்றார்கள். டல்லாஸில் கொல்லப்பட்ட போலீஸ்காரர்களின் சின்னமும் அதே சட்டையில் இருந்தது. அப்படியிருந்தும் அன்று பாதுகாப்புக்கு வந்திருந்த போலீஸ்காரர்கள் நாலு பேர் வேலையை விட்டுவிட்டு வெளியேறினார்கள்.

2019 பிப்ரவரியில் இந்த சீசன் ஆடவில்லை என்று அறிவித்தபோது அவர் முதலில் சொன்ன காரணம் குடும்பம், இறைப்பணி. வழக்கு என்று நாம் சேர்த்துக்கொண்ட தலைப்பு பிறகு வந்தது. களைத்துப்போயிருந்தார் என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. அதைச் சொல்லாமல் விடுகிறவர்கள்தான் தியாகம் என்று எழுதுகிறார்கள். களைப்பு வந்தால் கதையின் மதிப்புக் குறைந்துவிடும் என்று பயம் போலிருக்கிறது.

2020 மார்ச்சில் நீதிபதி தண்டனையை ரத்து செய்தார். மறைக்கப்பட்ட அந்தக் கைரேகைதான் முக்கியக் காரணம். அரசுத் தரப்பு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது, நடக்கவில்லை. ஜூலை முதல் தேதி, கொரோனா காலம், சிறை வாசலில் எல்லாரும் முகக்கவசத்தோடு நிற்கிறார்கள். அயர்ன்ஸ் வெளியே நடந்து வந்ததும் மாயா மூர் அப்படியே மண்டியிட்டுத் தரையில் விழுந்தார். 1.7 நொடியில் பதறாதவர். அந்தச் சிறை இருப்பது ஜெஃபர்சன் சிட்டியில், மாயா மூர் பிறந்த ஊரில்.

பிறகு அவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள், 2022இல் ஒரு மகன். நீங்கள் அந்தக் கல்யாணத்தை லேசாக ஒரு ‘ராம்’ போட்டுச் சொன்னதை நான் கவனித்தேன். அது அவர்கள் வீட்டு விஷயம், விடுங்கள்.

2023 ஜனவரியில் முறையாக ஓய்வை அறிவித்தார். இடைப்பட்ட நான்கு சீசனும் திரும்பி வரலாம் என்று கதவு திறந்தே இருந்தது, வரவில்லை. 2024இல் அவருடைய 23ஆம் எண் சட்டையை மினசோட்டா அரங்கின் கூரையில் ஏற்றினார்கள். 2025இல் கூடைப்பந்தின் ஹால் ஆஃப் ஃபேம். இன்னும் ஐந்தாறு வருடம் ஆடியிருந்தால் புள்ளிக் கணக்கு கூடியிருக்கும், அதை மறுக்கவில்லை. எனக்கும் பார்க்க ஆசைதான். ஆனால் அது பார்க்கிறவனின் பசி. அதைக்கொண்டு அவருடைய இலையில் சாப்பாடு மிச்சம் என்று எப்படிச் சொல்வது?

மகள் பிளஸ் ஒன் என்கிறீர்கள். படத்தை எடுக்கச் சொல்லாதீர்கள். அந்த 2015 ஆட்டத்தின் கடைசி நொடிகள் இணையத்தில் கிடைக்கும், அவள் கட்டாயம் பார்த்திருப்பாள். பந்தைத் தட்டி நகர்ந்த பிறகு எந்தக் காலை முதலில் ஊன்றுகிறார் என்று அவளிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். வேகத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.