துட்டிக்கு நடந்த நீதிபதி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி (அம்பாசமுத்திரம் வாசகர்): ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஃபோர்டு என்றாலே குதிரையும் துப்பாக்கியும்தானா? உள்நாட்டுப் போருக்குப் பிறகு அமெரிக்கத் தெற்கத்திச் சிற்றூர் எப்படி இருந்தது என்று படம் எடுத்திருக்கிறாரா?

பதில்: எடுத்திருக்கிறார். 1953-இல் வந்த ‘தி சன் ஷைன்ஸ் பிரைட்’. கென்டக்கியில் ஒரு சின்ன ஊர், போர் 1865-லேயே முடிந்துவிட்டது, ஆனாலும் தோற்ற தெற்கத்திப் படைக் கிழவர்களும் ஜெயித்த வடக்கத்திப் படைக் கிழவர்களும் இன்னும் தனித்தனியாகத்தான் கூட்டம் போடுகிறார்கள். நீதிபதி பிரீஸ்ட் மறுபடி தேர்தலில் நிற்கிறார். ஓட்டுப் போடும் நாளில், ஊர் ஒதுக்கிவைத்த ஒரு பெண்ணின் சவ வண்டிக்குப் பின்னால் தன்னந்தனியாக நடக்கிறார். அவருக்குப் பின்னால் வருவது விலைமாதர்கள் ஏறிய ஒரு வண்டி. ஓரத்தில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அப்புறம் ஒவ்வொருவராகத் தெருவில் இறங்கிச் சேர்ந்துகொள்கிறார்கள். பின்னணி இசை கிடையாது, குளம்புச் சத்தம்தான். துட்டிக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று வருஷக்கணக்கில் மனதில் வைத்திருக்கும் நம்ம பக்கத்து ஆட்களுக்கு அந்த நடையின் விலையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி (தென்காசி வாசகி): இந்த மாதிரிப் பழைய படங்களில் கறுப்பினத்தவர் எல்லாம் வேலைக்காரராகவே வருகிறார்களே, எப்படிப் பார்ப்பது?

பதில்: நியாயமான கோபம். பொய்ப்பழி விழுந்த கறுப்பின இளைஞனைக் கொல்ல வந்த கும்பலை நீதிபதி சிறை வாசலில் மறிக்கிறார், நல்ல காட்சிதான், ஆனால் அந்தப் பையன் காப்பாற்றப்படுகிறவனாக மட்டும்தான் வருகிறான். 1934-இல் இதே நீதிபதியாக வில் ரோஜர்ஸ் நடிக்க ஃபோர்டே எடுத்த ‘ஜட்ஜ் பிரீஸ்ட்’டில் கறுப்பின நடிகர் ஸ்டெபின் ஃபெட்சிட் இழுத்து இழுத்துப் பேசும் வேலைக்காரராக வந்தார், 19 வருஷம் கழித்து இந்தப் படத்திலும் அவருக்கு அதே வேடம். அந்த இடங்களில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்காகப் படத்தையே ஒதுக்கவும் மனசு வரவில்லை, அந்த ஊர்வலம் அப்படி.

கேள்வி (பாளையங்கோட்டை வாசகர்): சரி, நீதிபதி ஜெயித்தாரா?

பதில்: படம் பார்க்கப்போகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜெயித்தார், ஒரே ஒரு ஓட்டில். சிறை வாசலில் கொலைவெறியோடு நின்ற அதே ஆட்கள் கூட்டமாக வந்து அவருக்குப் போட்டதால்தான் ஓட்டு சமமாக வந்தது. மிச்ச ஒன்று? அவரே தனக்குப் போட்டுக்கொண்டது.