தன்னை நம்புதல்: பழைய அமெரிக்க எழுத்து பற்றிக் கேள்வி பதில்

வாசிப்பு வட்டத்தில் இந்த மாதம் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தாளர்கள் எமர்சனும் தோரோவும். கல்லூரியில் நெடுங்காலம் அமெரிக்க இலக்கியம் நடத்தியவள் என்பதால் கேள்விகளை என் பக்கம் திருப்பிவிட்டார்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: மேற்கோள் படத்தில் அச்சடித்த ஒற்றை வரியை வைத்து எமர்சனை எடை போடாதீர்கள். ‘செல்ஃப் ரிலையன்ஸ்’ கட்டுரையை முழுதாகப் படியுங்கள்.

முதுகலை மாணவி: மேடம், எமர்சனின் ‘செல்ஃப் ரிலையன்ஸ்’ என்பதை ‘தன்னம்பிக்கை’ என்று எழுதினேன். ‘தற்சார்பு’ என்று திருத்திவிட்டார்கள். எது சரி?

இரண்டுமே பாதிதான் சரி. தன்னம்பிக்கை என்றால் இன்று ‘உன்னால் முடியும், முயற்சி செய்’ என்ற பேச்சுதான் நினைவுக்கு வருகிறது. தற்சார்பு என்றால் நாட்டு விதையும் சொந்த உரமும் வீட்டுத் தோட்டமும். 1841ல் எமர்சன் எழுதியது வெற்றி பெறும் வழியும் அல்ல, விளைவித்துச் சாப்பிடும் வழியும் அல்ல. ஊர் சொல்கிறது, நூல் சொல்கிறது, நேற்று நீயே சொன்னாய் என்பதற்காக இன்று ஒன்றை நம்பாதே. உன் மனம் நேராகக் காண்பதை நம்பு என்கிறார். அந்த மனத்தின் அடியில் எல்லாருக்கும் பொதுவான ஓர் ஆன்மா இருக்கிறது என்பது அவர் நம்பிக்கை. அதனால் அவர் சொல்லும் ‘தான்’ அகங்காரம் அல்ல.

இதை அவர் வாழ்ந்தும் காட்டினார். பாஸ்டனில் ஒரு சபையின் போதகராக இருந்தவர், திருவிருந்துச் சடங்கை மனம் ஒப்பி நடத்த முடியவில்லை என்று 1832ல் அந்த வேலையை விட்டார். 1838ல் ஹார்வர்டில் இறையியல் மாணவர்களிடம் பேசிய பேச்சுக்காக, ஏறக்குறைய 30 ஆண்டுகள் அங்கே அவரை மறுபடி பேச அழைக்கவில்லை. நான் வகுப்பில் ‘தன்னை நம்புதல்’ என்றே சொல்லி வந்தேன்.

வங்கி ஊழியர்: ‘தனக்கு உதவுபவனுக்குக் கடவுள் உதவுவார்’ என்பது பைபிள் வசனம்தானே?

இல்லை. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் ‘ஏழை ரிச்சர்ட்’ பஞ்சாங்கத்தில் 1736ல் போட்டது. அவருக்கும் முன்பே வழக்கில் இருந்த பழமொழி.

அதே வாசகர்: அப்படியானால் ஃபிராங்க்ளின்தான் இதற்கெல்லாம் தந்தையா?

முன்னேறுவதற்குத் தந்தை என்று சொல்லலாம். 17 வயதில் அண்ணனின் அச்சகத்திலிருந்து ஓடிப்போய், 1723ல் பிலடெல்ஃபியா தெருவில் இரண்டு கக்கத்திலும் ஒவ்வொரு ரொட்டியை இடுக்கிக்கொண்டு மூன்றாவதைத் தின்றபடி நடக்கிறார். கடைசியில் இடுக்கியிருந்த இரண்டையும் படகில் கூட வந்த ஒரு பெண்ணுக்கும் அவள் பிள்ளைக்கும் கொடுத்துவிடுகிறார். அருமையான காட்சி. ஆனால் ஃபிராங்க்ளின் ஊரோடு ஒத்துப்போய் உயர்ந்தவர். ஊர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை என்பவர் எமர்சன்.

பள்ளி ஆசிரியர்: தோரோ காட்டில் தனியாக வாழ்ந்தார் என்பது பொய்யாமே? அவருடைய அம்மா துணி துவைத்துக் கொடுத்தாராமே?

பொய் என்று சொல்ல முதலில் அவர் பொய் சொல்லியிருக்க வேண்டும். வால்டன் குளக்கரையில் வாழ்ந்ததைச் சொல்லும் ‘வால்டன்’ நூலின் முதல் அத்தியாயத்தில் உணவு, உடை, எண்ணெய் எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதுகிறார். துவைப்பதும் தைப்பதும் பெரும்பாலும் வெளியே நடந்தது, அதற்கான சீட்டு இன்னும் வரவில்லை என்று அங்கேயே சொல்லிவிடுகிறார். நிலம் எமர்சனுடையது. கோடரி இரவல், வாங்கியபோது இருந்ததைவிடக் கூர்மையாகத் திருப்பிக் கொடுத்தேன் என்கிறார். வீட்டின் மரச்சட்டத்தைத் தூக்கி நிறுத்த நண்பர்கள் வந்தார்கள் என்பதும் அதில் உண்டு.

அந்த வீட்டுக் கணக்கை ஒருமுறை வரி வரியாகப் பாருங்கள். மொத்தம் 28 டாலர் 12½ சென்ட். சுண்ணாம்பு 2 பீப்பாய் 2 டாலர் 40 சென்ட், பக்கத்தில் ‘விலை அதிகம்’ என்று குறிப்பு. பூச்சில் கலக்க முடி 31 சென்ட், ‘தேவைக்கு மேல்’. எழுதுகட்டி (சாக்பீஸ்) 1 சென்ட். அரை சென்ட்டைக்கூட விடாமல் எழுதுகிறவர் எதையாவது மறைக்க நினைப்பாரா? 1845 ஜூலை 4 முதல் 1847 செப்டம்பர் 6 வரை அங்கே இருந்தார். ஊருக்கு அடிக்கடி நடந்து போய் வந்தார். காடாறு மாதம் போனேன் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

கோவை இயற்கை விவசாயி: அம்மா, மாணவிக்குச் சொன்ன பதிலில் எனக்கு உடன்பாடு இல்லை. தற்சார்புதான் சரியான சொல். சோற்றுக்கு அடுத்தவர் கையைப் பார்க்கிறவனுக்குச் சொந்தக் கருத்து எப்படி வரும்? தோரோ அவரைச்செடி நட்டது அதற்குத்தானே?

நல்ல கேள்வி. பாதி உங்கள் பக்கம்தான். எமர்சன் அவ்வளவு துணிந்து பேச முடிந்ததில் காசுக்கும் பங்கு உண்டு. முதல் மனைவி எல்லன் 1831ல் காசநோயில் இறந்தார். அவர் சொத்திலிருந்து ஆண்டுக்குச் சுமார் 1,200 டாலர் எமர்சனுக்கு வந்தது. அது இல்லாதவன் வேலையை விடுமுன் இன்னும் நூறு முறை யோசிப்பான். அவரைச்செடி நட்டதில் தோரோவுக்கு அந்த ஆண்டு மிஞ்சியது 8 டாலர் 71½ சென்ட். தேவையைக் குறைத்தால் உழைப்பைப் பிறருக்கு விற்கும் நாளும் குறையும் என்பதே அவர் கணக்கு. அதுவரை நீங்களும் அவரும் ஒன்று.

முதுகலை மாணவி: மேடம், நான் குறுக்கே வரலாமா? எமர்சனே ‘சார்தல்’ என்ற சொல்லைக் குறை சொல்கிறாரே?

சபாஷ், முழுதாகப் படித்திருக்கிறாய். ஆமாம், கட்டுரையின் நடுவில் ‘சார்தல் என்று பேசுவதே ஏழ்மையான, வெளிப்புறமான பேச்சு’ என்று தன் தலைப்பையே தள்ளுகிறார். எதைச் சார்கிறோம் என்பதை விட்டு, சார்ந்து நின்று இயங்குகிற அந்த ஒன்றைப் பற்றிப் பேசுவோம் என்கிறார். நாம் தமிழில் படும் பாட்டை அவர் ஆங்கிலத்திலேயே பட்டிருக்கிறார்.

கோவை விவசாயி: சொல் எப்படியோ போகட்டும். நிலமும் விதையும் கையில் இல்லாமல் சுதந்திரம் இல்லை.

இதற்குப் பதில், அடிமையாகப் பிறந்து தப்பி வந்து எழுத்தாளரான டக்ளஸிடம் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

இல்லத்தரசி: இதில் பெண்கள் யாரும் இல்லையா?

மார்கரெட் ஃபுல்லர். எமர்சன் வட்டத்தின் ‘டயல்’ இதழுக்கு முதல் ஆசிரியர். 1845ல் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண்கள் பற்றி நூல் எழுதினார். பெண்ணுக்குத் தன்னை நம்பக் கற்றுத் தருவதே இல்லை, வெளியிலிருந்து வரும் விதியைக் கற்றுத் தருகிறார்கள் என்பது அவர் குறை. என்ன வேலைக்குப் போகலாம் என்று கேட்டால், விரும்பினால் கப்பல் தலைவியாகக்கூட இருக்கட்டும் என்றார். எமர்சனுக்கு அடுத்து இவரைப் படியுங்கள்.

ஐடி ஊழியர்: தோரோவின் அம்மா துணி துவைத்தார் என்கிறார்களே?

மேலே சொல்லிவிட்டேன்.

சென்னை வாசகர்: ஐஸ் ஹவுசுக்கும் வால்டனுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. தோரோ இருந்தபோதே 1846–47 குளிர்காலத்தில் நூறு பேர் வந்து அந்தக் குளத்தின் பனியை வெட்டினார்கள். மதராஸ், பம்பாய், கல்கத்தா மக்கள் என் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று எழுதுகிறார். அடுத்த வரிகளில் பகவத் கீதை வருகிறது, காலையில் தன் அறிவை அதில் குளிப்பாட்டுகிறார். திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ், பனி ஏற்றுமதி செய்த ஃபிரெடெரிக் டியூடரின் கிடங்காக இருந்த கட்டடம்.

கல்லூரி மாணவர்: மேடம், 10 மதிப்பெண்ணுக்கு எமர்சன் பற்றிக் குறிப்பு அனுப்ப முடியுமா?

முடியாது தம்பி. அடுத்தவர் குறிப்பைப் பார்த்து எழுதாதே என்பதுதான் அந்தக் கட்டுரையே. ஒரு மாலை உட்கார்ந்து படியுங்கள்; புரியாத இடத்தைக் கேளுங்கள், எவ்வளவு நேரமானாலும் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற அலுவலர்: ஏழைகளுக்கு ஏன் நான் கொடுக்க வேண்டும் என்று எமர்சன் கேட்டாராமே? துணி துவைக்கவும் ஆள் வைத்த தோரோவும் இவரும் சுயநலவாதிகள்தானே?

துணியை விட்டுவிடுங்கள் ஐயா, கெஞ்சிக் கேட்கிறேன். ‘அவர்கள் என் ஏழைகளா?’ என்று எமர்சன் கேட்டது உண்மை. ஊர் மெச்சக் கொடுக்கும் டாலரைத்தான் அவர் வெறுத்தார். ஆனாலும் எனக்கு அந்த இடம் இன்றும் உறுத்துகிறது. நியாயப்படுத்த மாட்டேன்.

நூலகர்: ஃபிரெடெரிக் டக்ளஸை இந்த வரிசையில் வைக்கலாமா?

முதலில் வைக்க வேண்டியவர். தோரோ குளத்துக்குப் போன அதே 1845ல் டக்ளஸின் அடிமை வாழ்க்கை வரலாறு வந்தது. ஃபுல்லர் அதற்கு மதிப்புரை எழுதினார். கோவை நண்பரே, உங்களுக்கும் இதுதான் பதில். தெற்கத்தித் தோட்டங்களில் நிலத்தில் இறங்கி எல்லாவற்றையும் விளைவித்தவர்கள் அடிமைகள். விளைவிக்கத் தெரிந்தது அவர்களை விடுவிக்கவில்லை. நிலம் கையில் வேண்டும் என்பீர்கள். அவர்கள் உடலே அவர்கள் கையில் இல்லை.

பால்டிமோரில் எஜமானி சிறுவன் டக்ளஸுக்கு அகரவரிசை சொல்லித் தரத் தொடங்கினார், எஜமானர் தடுத்துவிட்டார். படித்தால் அடிமை அடிமையாக இருக்க மாட்டான் என்று எஜமானர் சொன்னதைக் கேட்டுத்தான் சிறுவனுக்கு வழி புரிந்தது. வீட்டிலிருந்து ரொட்டி எடுத்துப்போய்த் தெருவில் பசித்த வெள்ளைக்காரச் சிறுவர்களிடம் கொடுத்து, பதிலுக்கு வாசிக்கக் கற்றுக்கொண்டார். சோற்றைக் கொடுத்து எழுத்தை வாங்கினார். அந்தப் பிள்ளைகளின் பெயரைச் சொல்ல ஆசை, சொன்னால் அவர்களுக்குச் சங்கடம் வரும் என்று விட்டுவிடுகிறார். எப்படித் தப்பினார் என்பதையும் அப்போது சொல்லவில்லை, பின்னால் வருபவர்களின் வழி அடைபடக் கூடாது என்பதற்காக. 1859 முதல் பல ஊர்களில் ‘தானே உருவான மனிதர்’ பற்றிப் பேசியவரும் இவர்தான். சரியாகச் சொன்னால் அப்படி ஒருவர் உலகத்தில் இல்லை என்று அதிலேயே சொல்கிறார்.

எழுதப் பழகிய இடம் கப்பல் பட்டறை. இடப்பக்கம், வலப்பக்கம், முன், பின் என்று தெரிய மரத்துண்டுகளில் தச்சர்கள் எழுத்து போடுவார்கள். அந்த 4 எழுத்துகளைக் கற்றுக்கொண்டு, தெருப் பையன்களிடம் போய் ‘உன்னைப் போல எனக்கும் எழுத வரும்’ என்று சவால் விடுவார். அவர்கள் மீதியை எழுதிக் காட்டுவார்கள். ஏடு என்று எதுவும் இல்லை. பலகை வேலி, செங்கல் சுவர், நடைபாதை, கையில் ஓர் எழுதுகட்டி. பிறகு எஜமானர் மகன் எழுதி முடித்த பழைய நோட்டுகளில், வரிகளுக்கு இடையே விட்டிருந்த வெற்றிடத்தில் அதே எழுத்தைப் பார்த்து எழுதினார்.

டக்ளஸின் நூலில் அது ஏழாம் அத்தியாயம். அடுத்த கூட்டத்துக்கு எல்லாரும் அதைப் படித்துவிட்டு வாருங்கள்.