தாமஸ் ஃபிளையர் ஜெயித்தது நியாயம்தான்

கேள்வி: 1908-இல் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு நடந்த கார் பந்தயத்தில் முதலில் பாரிஸ் வந்து சேர்ந்தது ஜெர்மனியின் புரோட்டோஸ். வெற்றி மட்டும் அமெரிக்காவின் தாமஸ் ஃபிளையருக்கு! இது அழுகுணி ஆட்டம் இல்லையா? ஜெயித்த கம்பெனியும் நான்கே வருஷத்தில் திவால். அப்படியென்றால் காரே சுமார்தானே?

பதில்: இரண்டுமே தப்பு. புரோட்டோஸ் வந்தது ஜூலை 26, ஃபிளையர் வந்தது ஜூலை 30. சரி, தேதியை மட்டும் பார்த்தால் உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் புரோட்டோஸ் வழியில் பழுதாகி, இடாஹோவிலிருந்து சியாட்டில் வரை ரயிலில் ஏற்றப்பட்டு வந்த வண்டி. ஃபிளையர் சான் பிரான்சிஸ்கோ வரை ஓட்டிக்கொண்டே வந்ததோடு, பந்தயத் திட்டப்படி கப்பலேறி அலாஸ்காவின் வால்டெஸ் வரை போய், அந்தப் பனியில் கார் நகரவே முடியாது என்று தெரிந்து திரும்பி, அப்புறம் ஜப்பானையும் கடந்துதான் சைபீரியாவுக்குப் போனது. அதனால்தான் புரோட்டோஸுக்கு 15 நாள் தண்டனை, ஃபிளையருக்கு 15 நாள் சலுகை. இதற்கு மேல் என்ன நியாயம் வேண்டும்?

கார் சுமார் என்கிறீர்களே, அது பந்தயத்துக்காகத் தனியாகச் செய்த வண்டிகூட இல்லை. பஃபலோ நகரத்து ஈ. ஆர். தாமஸ் கம்பெனி விற்பனைக்குச் செய்து வைத்திருந்த 1907 மாடல், நான்கு சிலிண்டர், 60 குதிரைத்திறன் கொண்ட திறந்த டூரிங் கார். பிப்ரவரி 12 அன்று, கொட்டும் குளிர்காலத்தில், டைம்ஸ் சதுக்கத்திலிருந்து ஆறு கார்கள் கிளம்பின. பாரிஸைப் பார்த்தவை மூன்றுதான். 169 நாள், தரையில் மட்டும் 13,000 மைலுக்கு மேல், அதில் பாதி இடத்தில் சாலை என்று ஒன்றே கிடையாது. சுமாரான வண்டி மாஸ்கோவைக்கூட எட்டியிருக்காது.

கம்பெனி விழுந்ததற்கு விலையைப் பாருங்கள். ஃபிளையர் 4,000 டாலர். பந்தயம் முடிந்த சில வாரங்களிலேயே ஹென்றி ஃபோர்டு தன் மாடல் டி காரை 850 டாலருக்கு இறக்கிவிட்டார். புகழைக் கேட்டுக் கைதட்டியவர்கள் எல்லாரும் 4,000 டாலர் வைத்திருந்தவர்கள் இல்லை. 1912-இல் திவால், அடுத்த வருஷம் ஏலம்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒரு பெயரை நான் சொல்லியே ஆகவேண்டும்: ஜார்ஜ் ஷஸ்டர். அந்தத் தொழிற்சாலையின் மெக்கானிக். நியூயார்க்கில் ஸ்டியரிங்கைப் பிடித்தவர் மான்டேகு ராபர்ட்ஸ், அவர் வயோமிங்கில் இறங்கிக்கொண்டார். டைம்ஸ் சதுக்கத்திலிருந்து பாரிஸ் வரை அந்த வண்டியோடு முழுசாகப் போன ஒரே ஆள் ஷஸ்டர்தான். சேற்றில் சிக்கினாலும் பாகம் உடைந்தாலும் சரிசெய்து நகர்த்தியது அவர் கை. என் கணக்கில் இது கம்பெனியின் வெற்றியைவிட ஒரு தொழிலாளியின் வெற்றி. அவருக்கு, பந்தயத்தை நடத்திய பத்திரிகைகளில் ஒன்றான நியூயார்க் டைம்ஸ் 1,000 டாலர் பரிசு கொடுத்தது எப்போது தெரியுமா? 1968-இல், அவருக்கு 95 வயதில்!

அதற்குச் சில வருஷம் முன்பு நெவாடாவின் ரெனோவில் அந்தக் காரைப் புதுப்பித்தபோது, இது அதே வண்டிதானா என்று சொல்ல ஷஸ்டரைத்தான் கூப்பிட்டார்கள். பிரித்துப் போட்ட பாகங்களில், வழியில் தான் செய்த பழுதுபார்ப்பின் அடையாளங்களைப் பார்த்துத்தான் அவர் ஆமாம் என்றார்.